கடித்த தடம் எங்கே? கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை

"சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், போனஸைப் பேசட்டும், லயத்துக் கூரை ஒழுகுவதைப் பேசட்டும். பொம்பளைங்க அரிப்பைப் பத்திப் பேச இவங்களுக்கு என்ன வந்தது?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு இராத் தூக்கம் போனால் மறுநாள் வேலை போகிறது; வேலை போனால் கூலி போகிறது. கண்டதைத் தடவி, கண்டதை விழுங்கி, காட்ட வேண்டிய இடத்தில் காட்டாமல் விட்டால் சில சமயம் பிள்ளையே போய்விடுகிறது. கூலியும் பிள்ளையும் போகிற காரியம் சங்கத்தின் காரியமல்லாமல் வேறு யாருடைய காரியம்?

இன்னொரு காரணமும் உண்டு. ஜொகூர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்கள் உண்டு. அங்கேயே அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கிவிட்டவர்களும் உண்டு. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் தோட்டத்திலிருக்கும் மாமியார் பத்தியமும் வைத்தியமும் சொல்லி அனுப்புகிறார். ஆகவே இந்த வாரம் மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். ஆண்பிள்ளைகளும் படிக்க வேண்டும். அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரு தைலமா?

சிராங்கூன் ரோட்டிலும் சையது ஆல்வி ரோட்டிலும் ஊருக்குப் போகிறவர்கள் டஜன் கணக்கில் வாங்கிப் பெட்டியில் அடுக்குகிற சரக்கு கோடாலித் தைலம். 1928ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு கம்பெனியின் தயாரிப்பு. இன்று தஞ்சாவூர் கிராமத்துப் பாட்டிக்கும் அதன் வாசனை தெரியும். தலைவலிக்கும் அதுதான், வயிற்று உப்புசத்துக்கும் அதுதான், கொசுக்கடிக்கும் அதுதான். "ஏம்மா, கொசுதானே கடிச்சது? ரெண்டு சொட்டு எண்ணெயைத் தேய்ச்சா போச்சு!" என்று சொல்லாத வீடு நம்மில் குறைவு.

அந்தத் தைலத்தைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் புட்டியில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதிலும் இது போன்ற பல தைலங்களிலும் மெந்தால், யூக்கலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், மீத்தைல் சாலிசிலேட் ஆகியவை சேர்கின்றன. மீத்தைல் சாலிசிலேட் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது. ஆஸ்பிரின், இபுபுரோபன் வகை வலி மருந்துகளை டாக்டர் சொல்லாமல் கர்ப்பிணிகள் எடுத்துக்கொள்ளக்கூடாது. அதிலும் 20 வாரத்துக்குப் பிறகு விலக்கியே வைக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. தோலில் தேய்த்தாலும் அது இரத்தத்தில் சேரும். சொறிந்து புண்ணான தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். கற்பூரம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளை வரை போகக்கூடியது.

மூக்கடைப்புக்கு ஒரு தரம் மோந்து பார்த்தவர்கள் பதற வேண்டியதில்லை. வயிறு, கை, கால் என்று அள்ளிப் பூசுவதும், நாளுக்கு நாலு தடவை தேய்ப்பதும், வெந்நீரில் சொட்டு விட்டுக் குடிப்பதும் கர்ப்பிணிக்கு ஆகாது. பிள்ளை பிறந்த பிறகும் கவனம் தேவை. ஜி6பிடி என்ற குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. துணிப்பெட்டியில் பூச்சிக்காகப் போடும் நாப்தலின் உருண்டையின் வாடை பட்டாலே அவர்களுடைய இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். இதனால்தான் சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டிலிருந்தே பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்துவருகிறார்கள். குழந்தைத் துணியில் அந்த உருண்டை வேண்டவே வேண்டாம். தைலக் கையோடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

தைலத்தால் வரும் பெரிய கெடுதல் வேறொன்று. அது அரிப்பை மறைக்கிறது. அரிப்பு எதனால் வந்தது என்று யோசிக்க விடுவதில்லை. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

முதலில் தடத்தைப் பாருங்கள்

அரித்தால் கை தானாகப் புட்டியைத் தேடும். அதற்கு முன் கண் தோலைத் தேடட்டும். வெளிச்சத்தில் நின்று, கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகும் காலும் தெரியாவிட்டால் கணவரையோ தோழியையோ பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சிக்கடி என்றால் சிறு தடிப்பு இருக்கும், நடுவில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி இருக்கும். துணி மூடாத கை, கால், கழுத்துப் பக்கம்தான் கொசு அதிகம் கடிக்கும். மூட்டைப் பூச்சியானால் வரிசையாக மூன்று நான்கு தடிப்பு காணும். ஓரிரு நாளில் அடங்கத் தொடங்கும்.

"வீட்டில் எல்லாரும்தான் இருக்காங்க, என்னையே ஏன் பிடுங்குது?" என்று மாசமாக இருக்கும் பெண் கேட்டால் சிரிக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் மலேரியாக் கொசுக்களை வைத்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கர்ப்பிணிகளைத் தேடி வந்த கொசு மற்றப் பெண்களைத் தேடி வந்ததைப்போல் இரு மடங்கு. கர்ப்பிணி விடும் மூச்சு அதிகம், வயிற்றுச் சூடும் சற்று அதிகம். கொசு மூச்சையும் சூட்டையும் மோப்பம் பிடித்து வருகிற ஜந்து.

தடம் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

1. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். பாதி அரிப்பு அதிலேயே அடங்கும்.

2. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றி எடுங்கள். ஐஸ் இல்லாத இடத்தில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

3. காலமைன் லோஷன் பூசலாம். ரோஸ் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய மருந்துதான். கர்ப்பிணிக்குத் தீங்கில்லை.

4. தோல் வறண்டு அரித்தால் குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ மணமில்லாத ஈரக் களிம்போ தடவுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பது அரிப்பைக் கூட்டும்.

5. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இரவில் தளர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். சொறிந்த இடம் சிவந்து, சூடேறி, சீழ் கட்டினால் டாக்டரிடம் போக வேண்டும்.

கடித்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, பற்பசை இவற்றைத் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு தோலை வேகவைக்கும். புண்ணின் மேல் புண்ணாகும். வேப்பிலை போட்ட நீரில் குளிக்க ஆசைப்பட்டால் குளியுங்கள். வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடிப்பதும் வேப்பெண்ணெய் உட்கொள்வதும் கர்ப்பக் காலத்தில் கூடவே கூடாது.

மாத்திரையும் களிம்பும்

மருந்துக் கடைக்குப் போனால் நம் வாயிலிருந்து வரவேண்டிய முதல் வார்த்தை "நான் மாசமா இருக்கேன்" என்பதுதான். எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் ஊருக்குச் சொல்லலாம் என்று மறைப்பது நம் வழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம்; மருந்து கொடுப்பவருக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

அரிப்புக்குக் கொடுக்கும் ஒவ்வாமை மாத்திரைகளில் குளோர்பெனிரமின், லோராடடின், செட்டிரிசின் ஆகியவை கர்ப்பிணிகளிடம் நெடுங்காலம் பயன்பட்டு வந்தவை. டாக்டரோ மருந்தாளரோ சொல்லும் அளவில் சாப்பிடலாம். இவற்றில் முதலாவது நம் பக்கத்தில் 'பிரிட்டோன்' என்று பெயர் பெற்ற மஞ்சள் மாத்திரை. நன்றாகத் தூக்கம் வரும். இரவில் போட்டுக்கொண்டு படுப்பவருக்கு நல்லது. அதைப் போட்டுக்கொண்டு பால் வெட்டுக் கத்தி பிடிப்பதும், பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் ஆபத்து.

களிம்பில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது மென்மையான ஸ்டெராய்டு களிம்பு. கேட்டுக்கொண்டு, கடித்த இடத்தில் மட்டும், சில நாளைக்குத் தடவலாம். ஊரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்து தரும் வீரியமான களிம்புகள் வேறு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று டியூபில் எழுதியிருக்கும். அவற்றை மாதக்கணக்கில் உடம்பெல்லாம் பூசினால் பிள்ளை எடை குறைந்து பிறக்க வாய்ப்பு உண்டு. "பச்சிலைக் களிம்பு, பக்கவிளைவே இல்லை" என்று சொல்லி விற்கும் சரக்குகளில் ஸ்டெராய்டு ஒளிந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பெயர் இல்லாத டப்பா, மருந்து விவரம் எழுதாத டியூப், கைப்பேசியில் ஆர்டர் கொடுத்து வாங்கும் களிம்பு இவை மூன்றையும் கர்ப்பிணி தொடவே வேண்டாம்.

தடமே இல்லாத அரிப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தாய்மார்களே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

உள்ளங்கை அரித்தால் பணம் வரும், உள்ளங்கால் அரித்தால் பயணம் வரும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் பணத்துக்குக் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் பயணம் புறப்படுங்கள். கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாமல் இரத்தத்தில் தேங்குவதால் வரும் அரிப்பாக அது இருக்கலாம். கர்ப்பக் காலப் பித்தத் தேக்கம் என்று இதைச் சொல்லலாம்.

இதன் அடையாளம்: அரிப்பு இருக்கும், தடிப்பு இருக்காது. உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகம், உடம்பெல்லாமும் வரும். பகலைவிட இரவில் வதைக்கும். சிலருக்குச் சிறுநீர் கருத்துப் போகும், மலம் வெளிறிப் போகும், கண் மஞ்சளாகும். பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் தலைகாட்டும், முன்னாலும் வரலாம்.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. தடிப்பே இல்லாமல் தொடங்கிய அரிப்பு, சொறியச் சொறியக் கீறலாகி, புள்ளி புள்ளியாகப் பொருக்குத் தட்டிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது அப்படியே கொசுக்கடி மாதிரி இருக்கும். "சன்னலைத் திறந்து வெச்சுப் படுத்திருப்பே" என்று வீட்டில் சொல்வார்கள். "சிங்கப்பூருல கொசு அதிகமாச்சே" என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவளும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுப்பாள். இரண்டு வாரம் ஓடிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முதலில் வந்தது எது? தடிப்பு வந்து அரித்ததா, அரித்ததால் சொறிந்து தடம் வந்ததா? அரிப்பு முந்தியது என்றால் பூச்சியின் மேல் பழி போடாதீர்கள்.

இது நம்மவர்க்கு ஏன் முக்கியம்? இங்கிலாந்தில் பல இனத்தாரிடையே கணக்குப் பார்த்ததில் ஆயிரம் கர்ப்பிணிகளில் ஏழு பேருக்கு இந்தப் பித்தத் தேக்கம் வருகிறது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடையே மட்டும் பார்த்தால் ஆயிரத்துக்கு 12 முதல் 15 பேர். ஏறத்தாழ இரட்டிப்பு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால், அல்லது முந்திய பேற்றில் வந்திருந்தால், திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பெரும்பாலோருக்கு இது இலேசாக வந்து, பிரசவத்தோடு மறைந்துவிடுகிறது; பிள்ளைக்கும் ஒன்றும் ஆவதில்லை. இரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவு 100ஐத் தொட்டுவிட்டால் நிலைமை வேறு. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்ததாக 2019ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அளவு 40க்குக் கீழே இருந்தவர்களிடம் ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்குதான். அளவு மிக அதிகமானால் 35, 36 வாரத்திலேயே பிரசவம் பார்த்துப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் அளவு தெரிந்தால்தானே? தெரிந்துகொள்ள ஒரே வழி இரத்தப் பரிசோதனை. பித்த அமிலத்தையும் கல்லீரலையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்து, அரிப்பு மட்டும் நிற்காவிட்டால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அரிப்பு முன்னே வந்து, இரத்தத்தில் பின்னே தெரிவதும் உண்டு.

பேறுகாலத்தில் வரும் எல்லா அரிப்பும் இப்படியல்ல. வயிறு விரிந்த வரிகளில் சிவந்த தடிப்பு வந்து, தொப்புளை மட்டும் விட்டுவிட்டுப் பரவினால், அது தலைப்பிள்ளைக்காரிகளுக்குக் கடைசி வாரங்களில் வரும் சாதாரணத் தடிப்பாக இருக்கலாம்; பிள்ளைக்குக் கேடில்லை. தொப்புளைச் சுற்றியே தொடங்கி நீர்க் கொப்புளமானால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எங்கே போவது? சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்திலேயே புக்கிட் தீமா ரோட்டில் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைக் கொட்டகை. மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரத்தின் பெயரே ஆஸ்பத்திரிக்கும் வந்தது. 1924 முதல் பிரசவ ஆஸ்பத்திரியாக நடந்து, 1966ஆம் ஆண்டில் மட்டும் கிட்டத்தட்ட 40,000 பிள்ளைகள் பிறந்து உலக சாதனைப் புத்தகத்தில் ஏறிய இடம். 1997இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. கர்ப்பிணிகளுக்கான அவசரப் பிரிவு அங்கே இரவும் பகலும் திறந்திருக்கிறது. ஜொகூரில் இருப்பவர்கள் அரசாங்கத் தாய் சேய் நல கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்பிணிப் புத்தகத்தில் "அரிப்பு, தடிப்பில்லை, இத்தனை நாளாக" என்று தாதியை எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். புத்தகத்தில் ஏறியது அடுத்த டாக்டரின் கண்ணில் படும்.

கடித்துச் சில நாள் கழித்து வரும் தடிப்பு

மூன்றாவது வகை ஒன்று உண்டு. கொசு கடித்த தடம் மறைந்துவிடும். சில நாள் கழித்து உடம்பெல்லாம் செந்தடிப்பு வரும், அரிக்கும். இலேசான காய்ச்சல், மூட்டுவலி, கண் சிவப்பு சேரும். இதை அலர்ஜி என்று நினைத்து மாத்திரை போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக்கூடாது. 2016ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இந்தப் பாடத்தைப் படித்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 27ஆம் தேதி, உள்ளூரிலேயே கொசு மூலம் ஸிக்கா தொற்றிய முதல் ஆள் அல்ஜுனிட் வட்டாரத்தில் இருப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அவர் ஒரு மலேசியப் பெண்மணி. மறுநாளே எண்ணிக்கை 41 ஆனது. அவர்களில் 36 பேர் சிம்ஸ் டிரைவில் ஒரு கட்டட வேலையிடத்தில் பாடுபட்ட வெளிநாட்டு ஊழியர்கள். இந்தியர்கள் 13 பேருக்குத் தொற்று இருந்ததாக இந்திய வெளியுறவு அமைச்சு சொன்னது. ஆகஸ்டு 31ஆம் தேதி முதல் கர்ப்பிணிக்கும் தொற்று உறுதியாயிற்று. ஆண்டு முடிவதற்குள் 450 பேருக்கு மேல்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வர நெடுநாள் ஆகவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி மலேசியாவின் முதல் நோயாளியாக அறிவிக்கப்பட்டவர், சிங்கப்பூரிலிருக்கும் மகளைப் பார்த்துவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பிய தாயார். அடுத்த வாரமே ஜொகூர் பாருவில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று. அவருடைய கணவர் சிங்கப்பூரில் வேலை செய்தவர். நம் வாசகர் குடும்பங்களின் கதையும் இதே பாதைதானே? மகளைப் பார்க்கப் போகிறோம், கணவர் வேலைக்குப் போய் வருகிறார். கொசுவின் நோயும் கூடவே பாஸ்போர்ட் இல்லாமல் போய் வருகிறது.

ஸிக்கா தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. கர்ப்பிணிக்குத் தொற்றினால் பிள்ளை தலை சிறுத்து, மூளை வளராமல் பிறக்கும் அபாயம் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் தடுப்பூசியும் இல்லை. ஆகவே தடிப்போடு காய்ச்சலோ மூட்டுவலியோ கண் சிவப்போ வந்தால் கர்ப்பிணி அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, ஸிக்கா, டெங்கி சோதனை கேட்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசெட்டமால் மட்டுமே. டெங்கியாக இருந்தால் ஆஸ்பிரின் வகை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

ஆண்பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கிறது என்று முன்பே சொன்னோம். ஸிக்கா ஆணிடமிருந்து பெண்ணுக்கு உடலுறவாலும் தொற்றும். நோய் பரவும் இடத்தில் வேலை செய்கிறவருடைய மனைவி மாசமாக இருந்தால், பிரசவம் வரை ஆணுறை அணிய வேண்டும், இல்லாவிட்டால் விலகியிருக்க வேண்டும். பேசக் கூச்சமான விஷயம்தான். பிள்ளையைவிடக் கூச்சம் பெரிதல்ல.

தோட்டத்தில் வேறு சில

செம்பனைக் கீற்றிலிருந்து கம்பளிப்பூச்சி விழுந்தால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை வைத்து எடுத்தால் மயிர் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 'செமுட் சார்லி' என்னும் கருப்பும் செம்மஞ்சளுமான பூச்சி மேலே ஊர்ந்தால் அடித்து நசுக்காமல் ஊதிவிடுங்கள். நசுக்கினால் அதன் நஞ்சு தோலைச் சுட்டுவிடும். மருந்தடிக்கும் இடத்தில் எரிச்சலும் தடிப்பும் வந்தால் அது பூச்சிக்கடி அல்ல, பூச்சி மருந்து. மாசமாக இருக்கும் பெண்ணை அந்த வேலையிலிருந்து மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாற்ற மறுத்தால் சங்கக் கிளையிடம் சொல்லுங்கள்.

விடுதி, வாடகை அறை என்று பலர் நெருங்கித் தங்கும் இடத்தில் விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவில் அரித்தால் சிரங்காக இருக்கலாம். 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கர்ப்பிணிக்கும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். ஒரே நாளில் வீட்டிலுள்ள எல்லோரும் பூசிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

குளவி, தேனீ கொட்டி உதடும் நாக்கும் வீங்கினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றி மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஆஸ்பத்திரியில் போடும் அட்ரினலின் ஊசி கர்ப்பிணிக்கும் உயிர் காக்கும் ஊசிதான். "மாசமா இருக்கா, ஊசி வேண்டாம்" என்று தடுக்காதீர்கள்.

கடிக்க விடாமல் இருக்க

டெங்கி, ஸிக்காவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. ஆகவே கொசுவலையை இரவுக்கு மட்டும் என்று வைக்காமல் பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள். கை கால் மூடிய வெளிர்நிற உடை நல்லது. டீட், பிக்காரிடின் சேர்ந்த கொசு விரட்டி மருந்தை டப்பாவில் எழுதியபடி பயன்படுத்தினால் கர்ப்பிணிக்குத் தீங்கில்லை. 20 முதல் 30 விழுக்காடு டீட் போதும். வெளியே தெரியும் தோலில் மட்டும் பூசி, வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள். செராய் எண்ணெய் வாசனைக்கு நன்று. அதன் காவல் சீக்கிரம் தீர்ந்துவிடும். கொசுவர்த்தியை அடைத்த அறையில் கொளுத்திப் புகைக்குள் படுப்பது கொசுவுக்கு மட்டுமல்ல, நமக்கும் ஆகாது.

"சிங்கப்பூரில் அரசாங்கமே கொசுவைப் பிடித்து விடுகிறதாமே!" என்று சிலர் மிரள்கிறார்கள். 2016இல் தொடங்கிய வோல்பாக்கியா திட்டம் அது. விடுவது ஆண் கொசுக்களை. ஆண் கொசு கடிக்காது. அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது.

கேட்கத் தயங்காதீர்கள்

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு பெண், "எல்லாம் சரிதான், லீவு யார் குடுப்பா?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைச் சம்பள வெட்டாக நினைத்துத்தான் பலர் தைலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

டாக்டர் எம்.சி. கொடுத்தால் அது நோய் விடுப்பு. சட்டம் தந்த உரிமை. மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காகவோ, கர்ப்பத்தால் வந்த நோய்க்காகவோ வேலையை விட்டு நீக்கக்கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. சிங்கப்பூரில் பிள்ளை அந்நாட்டுக் குடிமகவானால் 16 வாரம், மற்றவர்களுக்கு 12 வாரம். பிரசவத்துக்கு முன் அந்த முதலாளியிடம் 3 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். எந்தச் சட்டமானாலும் காகிதம் கேட்கும். எம்.சி.யையும் சோதனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், நகல் எடுத்து வையுங்கள்.

மாமியார்மாரே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். மருமகள் போனில் "அரிக்குது அத்தை" என்றால், "என்ன தடவினே?" என்று கேட்காமல், "தடம் இருக்கா? உள்ளங்கை அரிக்குதா? காய்ச்சல் இருக்கா?" என்று கேளுங்கள். தடம் மட்டும் இருந்தால் ஐஸும் காலமைனும் சொல்லுங்கள். தடம் இல்லையென்றாலும், தடிப்போடு காய்ச்சல் என்றாலும், "ஏம்மா, லீவைப் பத்திக் கவலைப்படாதே, இன்னைக்கே போய்க் காட்டு" என்று சொல்லுங்கள். தனியாகப் போகப் பயந்தால் மகனைக் கூட அனுப்புங்கள்.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, கர்ப்பிணிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். அடுத்த வாரம் சந்திப்போம்.